பகலில் மலை, இரவில் அடிவாரம்

தேனி மாவட்டத்துக்குக் கோடைச் சுற்றுலா வருகிறவர்கள் எங்கே கூடாரம் அடிக்கலாம், எங்கே கூடாது? அணைக்கரை, மலைமுகடு, அடிவாரத் தோப்பு மூன்றையும் அலசும் சிறப்புக் கட்டுரை.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக வருகிறவர்களுக்கு ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் ஊரே மாறிவிடும். வடக்கே கொடைக்கானலைச் சுமந்து நிற்கும் பழனிமலைத் தொடர். மேற்கே கேரள எல்லையாக எழும் போடி மலைகள். தெற்கே வருசநாடும் மேகமலையும். மூன்று பக்கமும் மலை சூழ்ந்திருக்க, நடுவே வைகையும் முல்லைப்பெரியாறும் பாய்கின்றன. 1895-ல் பொறியாளர் பென்னி குவிக் கட்டிமுடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு, வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் பச்சை மாறாமல் கிடக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் இந்தப் பக்கம் வரும் கார்களின் டிக்கியில் இப்போதெல்லாம் ஒரு டென்ட்டும் இருக்கிறது. லாட்ஜ் அறைக்குப் பதிலாக ஏரிக்கரையிலோ மலை உச்சியிலோ ஓர் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். நட்சத்திரம் தெரியும் வானத்தை நகரத்துப் பிள்ளைகள் வேறெங்கே பார்க்கப் போகிறார்கள்? ஆனால், எந்த இடத்தில் படுப்பது என்பதைப் பெரும்பாலானவர்கள் போட்டோவைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். போட்டோவில் தெரிவது மாலை 5 மணிக் காட்சி. அதே இடம் இரவு 2 மணிக்கு எப்படி இருக்கும் என்பதை யோசித்துத்தான் கூடாரத்துக்கு இடம் பார்க்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் மலையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கம்பம், கூடலூர், போடி ஊர்களிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறுகிறார்கள். பொழுது சாயும்போது வீடு திரும்புகிறார்கள். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடி வழியாக ஆயிரக்கணக்கானோர் நடந்து ஏறுகிறார்கள். கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இரவு தங்க யாருக்கும் அனுமதி கிடையாது. பகலில் மலை, இரவில் அடிவாரம். கோடையில் இங்கே வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

குரங்கணி சொன்ன பாடம்

போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் இந்தப் பக்கம்தான் இறங்கின. 2018 மார்ச் 11-ம் தேதி நாட்டையே உலுக்கிய காட்டுத்தீ இந்த மலையில்தான் மூண்டது. முந்தைய நாள் கொழுக்குமலைக்கு ஏறி, இரவு தங்கி, மறுநாள் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் தீயில் சிக்கின. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள் அவர்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் வந்து மீட்க வேண்டியிருந்தது.

அந்தச் சரிவைக் கிட்டத்தில் பார்த்தால் ஆபத்து புரியும். மரங்கள் குறைவு, புல்தான் அதிகம். மழைக்காலத்தில் இடுப்பளவுக்கு வளர்ந்த புல், மார்கழி, தை தாண்டியதும் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். மாசி பிறக்கும்போது ஒரு பிடி பறித்துக் கசக்கினால் கையில் பொடியாக உதிரும். பாறையும் புல்லும் மாறி மாறி வரும் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். விலகி ஓட இடமில்லை. தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். கீழே எரியும் நெருப்பின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களின் பாலபாடம். பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியே வீசும். இவை எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் மனிதனால் தீயை முந்த முடியாது.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு, மலைகிராமத்து இளைஞர்களே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். தேனி மாவட்டத்தின் குரங்கணி – சாம்பலாறு பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் இந்தப் பாதைகளையே மூடிவிடுகிறார்கள். வழிகாட்டியோடு போகிறவர்களுக்கே அந்த நாட்களில் கதவு அடைபடும்போது, நாமாகப் போய்ப் புல்சரிவில் டென்ட் அடிப்பது என்ன நியாயம்?

கோடையில் மலைச்சரிவு, புல்மேடு, மூங்கில்காடு மூன்றும் கூடாரத்துக்கு ஆகாதவை. கேம்ப் ஃபயர் என்ற பேச்சே கூடாது. சரணாலயக் காட்டுக்குள் ஆபத்து விளைவிக்கும்படி நெருப்பு மூட்டுவது 1972-ம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும், ஒரு மலையே கருகிவிடும்.

அணைக்கரை அழகும் ஆபத்தும்

தேனி மாவட்டத்தில் அணைகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டிபட்டி அருகே 71 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் வைகை அணை, 1959-ல் திறக்கப்பட்டது. பெரியகுளம் பக்கம் சோத்துப்பாறை, தேவதானப்பட்டிக்கு அருகே மஞ்சளாறு, ராயப்பன்பட்டிப் பக்கம் சண்முகாநதி. இவை தவிர ஊருக்கு ஊர் கண்மாய்கள்.

மே மாதத்தில் வைகை அணைக்குப் போனால் நீர்மட்டம் இறங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே அகன்ற வண்டல் வெளி விரிந்து கிடக்கும். ஆடுமாடுகள் மேயும்; தூரத்தில் பரிசலில் மீன்பிடிப்பார்கள். பார்த்தவுடன், ‘இங்கேயே டென்ட் அடித்துவிடலாம்’ என்று தோன்றும் அளவுக்குச் சமதளம். மேல்மண் வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்திருக்கும். கரையோரம் கால் வைத்தால் உறுதியாகவே தெரியும். தண்ணீரை நெருங்க நெருங்கப் பாளத்தின் அடியில் ஈரம் தட்டுப்படும். இன்னும் சில அடி போனால் காய்ந்த தோலுக்குக் கீழே முழங்கால் அளவு சேறு. காரை அங்கே இறக்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கோடைமழை இடி மின்னலோடு வந்தால், அந்த வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் உங்கள் கூடாரமாகத்தான் இருக்கும். அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி நீர்வளத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பது. அங்கே அனுமதியில்லாமல் தங்கவும் முடியாது.

அணைக்குக் கீழே இருக்கும் வறண்ட ஆற்றுமணல் இன்னும் ஏமாற்றும். மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்துக்காகச் சித்திரை மாதத்தில் வைகை அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். குடிநீருக்கும் பாசனத்துக்கும் திறப்பது தனி. மேலே, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்த பிறகு முல்லைப்பெரியாற்றில் விடும் தண்ணீரின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் கணுக்கால் நனையாத ஆறு, சாயங்காலம் இடுப்பளவு ஓடலாம்.

அருவி ஓடைகளில் முன்னறிவிப்பே இருக்காது. பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவிக்குத் தண்ணீர் கொடைக்கானல் மலையிலிருந்து வருகிறது. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை இங்கே வெள்ளமாக இறங்கும். அதனால்தான் நீர்வரத்து கூடியதும் வனத்துறை குளிக்கத் தடை போடுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றதை மறக்க முடியாது. மே மாதம் வறண்ட மாதம் என்று நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. தண்ணீர் திடீரெனக் கலங்குவதும், இலைதழையும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலேயிருந்து இரைச்சல் கேட்பதும் வெள்ளத்தின் அறிகுறிகள். அப்போது போட்டிருக்கும் துணியோடு மேடேறிவிட வேண்டும், செருப்பைத் தேடக்கூடாது.

எந்த நீர்நிலையாக இருந்தாலும் கரையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளித்தான் கூடாரம் என்பது உலகெங்கும் முகாம் பழகியவர்கள் கடைப்பிடிக்கும் விதி. தண்ணீர் மாசுபடாமல் இருக்கவும், தண்ணீர் குடிக்க வரும் விலங்குக்கு வழிவிடவும் அந்தத் தூரம் தேவை. கரைமரத்தின் அடியிலும் பாறையிலும் பழைய நீர்மட்டத்தின் கறை தெரியும். படுக்கும் இடம் அதற்கு மேலே இருக்க வேண்டும்.

யானைக்கு வழிவிடும் மேகமலை

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதை, தமிழ்நாட்டின் அழகான மலைச்சாலைகளில் ஒன்று. தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கொண்டைஊசி வளைவுகள் வரிசையாக வரும். மேலே ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று தேயிலைத் தோட்டங்களும், அவற்றுக்கு நடுவே கண்ணாடியாகக் கிடக்கும் அணைகளும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. கம்பத்தில் வியர்த்து வழியும் மே மாதத்து மதியத்தில் ஹைவேவிஸில் ஸ்வெட்டர் தேடுவார்கள்.

ஏரியும் மலையும் ஒரே இடத்தில் கிடைப்பதால் கூடாரம் அடிக்க நினைக்கிறவர்களின் முதல் ஆசை மேகமலைதான். அங்கேதான் அதிகக் கவனமும் தேவை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது, நாட்டின் 51-வது புலிகள் காப்பகம். தோட்டங்களைச் சுற்றிலும் இருப்பது புலியும் யானையும் காட்டுமாடும் வாழும் காடு. கோடையில் காட்டுக்குள் ஓடைகள் வற்ற வற்ற, யானைக்கூட்டங்கள் இந்த அணைகளைத் தேடித்தான் வருகின்றன. நமக்கு அழகான ஏரிக்கரை, அவற்றுக்குத் தண்ணீர்த்துறை.

2023 கோடையில் நடந்ததை இந்த மாவட்டமே அறியும். சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் ஏப்ரல் இறுதியில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மலை தாண்டி மேகமலைப் பக்கம் வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களிலேயே ஓடியது. 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. ஜூன் 5-ல் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். ஊருக்குள் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் இருந்தும் மக்கள் நடுங்கினார்கள். ஒரு துணிக்கூடாரம் யானைக்கு எம்மாத்திரம்? 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே அனுமதியில்லாத டென்ட் விடுதிகள் மீது நடவடிக்கை பாய்ந்தது.

மேகமலையில் இரவு தங்கியே ஆகவேண்டும் என்றால் சுவரும் கதவும் உள்ள, அனுமதி பெற்ற விடுதியில் தங்குங்கள். மாலையில் செக்போஸ்ட்டை அடைத்துவிடுவார்கள். இரவில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. அதற்கேற்ப ஏறுங்கள், இறங்குங்கள்.

கொழுக்குமலையில் ஒரு சூரியோதயம்

சுமார் 7,900 அடி உயரத்தில், மேகங்களுக்கு மேலே தேயிலை விளையும் இடம் கொழுக்குமலை. இடம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது; வாகனத்தில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளாவின் சூர்யநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில்தான் போக முடியும். சொந்தக் காரை அந்தக் கரடுமுரடான பாதையில் இறக்காதீர்கள். சூரியோதயம் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டண டென்ட்டுகள் போடுகிறார்கள். இந்த மாதிரி இடத்தில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை உண்டு.

இடம் பட்டா நிலமா, வன நிலமா? சாகசச் சுற்றுலா, முகாம் நடத்துகிறவர்கள் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும், பதிவு இருக்கிறதா? இரவு முழுக்கப் பொறுப்பான ஆள் ஒருவர் கூடவே தங்குவாரா? அவசரத்துக்கு ஜீப் நிற்குமா? கழிப்பறை உண்டா? கூடாரத்துக்கும் சரிவின் விளிம்புக்கும் எவ்வளவு தூரம்? இவற்றில் ஒன்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தாலும் அந்த இடம் வேண்டாம். சூர்யநெல்லியிலோ போடிமெட்டிலோ அறையெடுத்துத் தங்கி, அதிகாலை 4 மணிக்கு ஜீப் பிடித்தாலும் அதே சூரியனைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

அடிவாரத்தில் இடம் பார்க்கும் விதம்

அப்படியானால் கூடாரத்தை எங்கேதான் அடிப்பது? கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் மைல் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைவது இங்கேதான். பெரியகுளம் பக்கம் மாந்தோப்புகள்; மே மாதம் மாம்பழக் காலமும்கூட. தோட்டத்துக்காரரிடம் முறையாகக் கேட்டு, வாடகை பேசி, அவர் காட்டும் களத்திலோ மோட்டார் ரூமுக்குப் பக்கத்திலோ கூடாரம் அடிப்பது இந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் மிகப் பாதுகாப்பான திறந்தவெளித் தூக்கம். தண்ணீர் உண்டு, குரல் கொடுத்தால் கேட்க ஆள் உண்டு, வண்டி வாசல்வரை வரும்.

அங்கேயும் இடம் பார்க்கத் தெரிய வேண்டும். தென்னைமரத்துக்கு அடியில் கூடாதே கூடாது. காயோ மட்டையோ விழும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேண்டாம். அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்கும் பயிர் அது. காட்டை ஒட்டிய கடைசித் தோட்டத்தை விட்டுவிட்டு, ஊரை ஒட்டிய தோட்டமாகப் பாருங்கள். பன்றிக்குப் பயந்து மின்வேலி போடும் பழக்கம் இருப்பதால் இரவில் வரப்போரம் டார்ச் அடித்துத் திரிய வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் தவளை இருக்கும். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கூடாரத்து ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு, கீறிவிட்டு நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். ஆண்டிபட்டி சாலையில் க.விலக்கில் அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மே இறுதியிலிருந்தே பள்ளத்தாக்கில் பலமாக வீசத் தொடங்கிவிடும். இந்த மாவட்டத்தில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கூடாரத்தின் குட்டையான பக்கம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும்; முளைக்குச்சிகளைச் சாய்த்து அடிக்க வேண்டும். சற்று மேடான, தண்ணீர் வடியும் தரையாக இருந்தால் கோடைமழை வந்தாலும் படுக்கை நனையாது.

மூன்று நாள் வழித்திட்டம்

முதல் நாள் வைகை அணை பூங்காவைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் வனத்துறை அனுமதிக்கும் நேரத்துக்குள் கும்பக்கரையில் குளித்துவிட்டு, இரவு பெரியகுளம் தோப்பு ஒன்றில் தங்கலாம். இரண்டாம் நாள் விடியற்காலையில் கிளம்பி, தேனி, சின்னமனூர் வழியாக மேகமலை ஏறி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கி, கம்பம் அருகே கூடாரம். மூன்றாம் நாள் காலையில் சுருளி அருவி. யானை நடமாட்டத்தால் மூடியிருந்தால் வருத்தப்படாமல் லோயர் கேம்ப்பில் பென்னி குவிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, திராட்சைத் தோட்டத்தில் பழம் வாங்கிக்கொண்டு திரும்பலாம். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களாக அமைந்தால் முல்லைப்பெரியாற்றின் கரையில் ஓர் ஊரே கூடியிருப்பதையும் பார்க்கலாம்.

அரசு செய்ய வேண்டியது

மக்களைத் தடுத்துக்கொண்டே இருப்பது மட்டும் தீர்வாகாது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலான திறந்தவெளி நிலங்களில் யாரும் கூடாரம் அடிக்கச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால், லோமண்ட் ஏரிப் பகுதியில் கூட்டம் பெருகிக் கரைகள் சீரழிந்ததும், 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை குறிப்பிட்ட பகுதிகளில் அனுமதிச்சீட்டு வாங்கித்தான் தங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். கூடவே முகாம் மைதானங்களையும் அமைத்துக் கொடுத்தார்கள். தடையும் வசதியும் சேர்ந்து வந்ததால் அது நடைமுறைக்கு வந்தது.

தேனி மாவட்டத்திலும் அதைச் செய்ய முடியும். வைகை அணைக்கு அருகே நீர்ப்பிடிப்புக்கு வெளியே, காட்டுக்கும் வெளியே, வேலியிட்ட ஒரு முகாம் மைதானம். கழிப்பறை, குடிநீர், விளக்கு, இரவுக் காவலர், குப்பைத் தொட்டி, ஆன்லைன் முன்பதிவு. கம்பம் பக்கம் விவசாயிகளின் தோட்டங்களையே எளிய முறையில் பதிவுசெய்து முகாம் இடங்களாக அறிவித்தால் பணம் உள்ளூரிலேயே தங்கும். திராட்சை விலை சரியும் வருடங்களில் அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய கைத்தாங்கல். முறையான இடம் இல்லாததால்தான் வருகிறவர்கள் கண்ட இடத்தில் படுக்கிறார்கள். நீர்வளத்துறையும் வனத்துறையும் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, அடுத்த கோடைக்குள் முதல் முகாம் மைதானத்தையாவது திறக்க வேண்டும்.

அதுவரை பொறுப்பு நம் கையில்தான். காட்டில் நெருப்பு மூட்டாதீர்கள். செக்போஸ்ட்டில் போக வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். அந்தக் காவலருக்கு நேற்றிரவு யானை எங்கே நின்றது என்று தெரியும். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு மேகமலையைக் காட்டுங்கள், வைகையைக் காட்டுங்கள். பொழுது சாயும் முன் அவர்களை அடிவாரத்துக்கு அழைத்து வந்துவிடுங்கள்.